குற்றவியலின் முதற்பாடம்

சிலாபம் நகரிலே பொலிஸ் நிலையம் உண்டு, நீதிமன்றங்களும் உண்டு. நகருக்கு அண்மையிலே முன்னேசுவரம் இருக்கின்றது. அங்கே சிவபெருமான் கோயிலைச் சார்ந்து பத்திரகாளி கோயிலும் உளது. ஒருவருடைய தென்னந்தோட்டத்திலே இரவோடிரவாகக் காய்கள் களவு போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம். அல்லது, களப்போரத்தில் உலரப் போட்டிருந்த வலையொன்று விடியுமுன் காணாமற் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். பொருளை இழந்தவர் பொலிஸ் நிலையத்துக்குச் சென்று முறைப்பாடு செய்யலாம். காளி சந்நிதிக்குச் சென்று, களவெடுத்தவனுக்குத் தண்டனை கொடுக்கும்படி அம்மனிடம் முறையிடலாம். இரண்டையும் செய்யலாம். இரண்டையும் செய்யாது, ‘போனது போகட்டும்’ என்று வீட்டில் இருந்துவிடவும் கூடும்.

களவு ஒன்றுதான். ஆயினும் அவர் பொலிஸ் நிலையத்துக்குப் போனால் அது புத்தகத்தில் பதியப்படும். ஆண்டு முடிவிலே நாட்டின் குற்றக் கணக்கில் ஓர் எண்ணாகச் சேரும். சந்நிதிக்கு மாத்திரம் போனால் எந்தக் கணக்கிலும் ஏறாது. வீட்டிலே இருந்துவிட்டால் அயலவர் சிலருக்கன்றி வேறெவருக்குந் தெரியாது. ‘அப்படியானால், நாட்டிலே நடக்கும் குற்றம் எவ்வளவு? அதனை நாம் எவ்வாறு அறிகின்றோம்? அறிந்ததாக எண்ணிக்கொள்வதில் எவ்வளவு மெய்?’ என்று இவ்விடத்தில் ஒரு மாணவர் கேட்பாரானால், அவர் குற்றவியல் என்னும் கல்வியின் வாயிலுக்கு வந்துவிட்டார் என்று சொல்லலாம்.

குற்றவியல் என்றதும் துப்பறியும் கதைகள் பலருக்கு நினைவில் வரும். வேறு சிலர் அது சட்டப்படிப்பின் ஒரு பகுதி என்று கருதுவர். இரண்டும் முழு உண்மையல்ல. இன்ன செயல் குற்றம், அதற்கு இன்ன தண்டனை என்று சட்டம் வகுக்கும். இக்குற்றத்தை இவன் செய்தானா என்று பொலிசாரின் புலனாய்வு ஆராயும். குற்றவியலோ, ஒரு செயலை ஒரு சமுதாயம் ஏன் குற்றமென்று வகுத்தது, அத்தகைய செயல்கள் எத்துணை நிகழ்கின்றன, ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் காணப்படுவது எதனால், தண்டனை உண்மையில் என்ன பயனைத் தருகின்றது என்று வினவும். ஒரு குற்றவாளியைப் பிடிப்பது அதன் வேலையன்று. ஆயிரம் குற்றங்களை ஒருங்கே வைத்துப் பார்ப்பது அதன் வேலை.

இப்பெயர் வழக்குக்கு வந்து நெடுங்காலமாகவில்லை. இத்தாலிய நீதிபதியான ரபாயேலே கரோபாலோ 1885 ஆம் ஆண்டிலே தம்முடைய நூலுக்கு இப்பெயரை இட்டார். இன்று நம் நாட்டிலே ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் இது தனிப் பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. தமிழ்நாட்டிலே சென்னைப் பல்கலைக்கழகத்திலும், திருநெல்வேலியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இதற்கெனத் துறைகள் இருக்கின்றன. முதலாண்டு மாணவர் எங்கே கற்பினும் ஐந்து வினாக்களைக் கடந்தே செல்லவேண்டும். அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது வினா: குற்றம் என்பது யாது?

விடை எளிதுபோலத் தோன்றும். சட்டம் தடுத்ததைச் செய்வது குற்றம். நம் நாட்டின் தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக எழுந்தது. 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டது. கொலை, களவு, கொள்ளை, ஏமாற்றுதல் முதலியவற்றுக்கெல்லாம் அதிலே வரைவிலக்கணம் உண்டு. ஆனால், சட்டம் மாறுகின்றது. அதனோடு குற்றமும் மாறுகின்றது.

சிலாபத்தவர் நன்கறிந்த பெயரொன்றை இங்கே எடுத்துக்கொள்வோம். சட்டத்தரணியாகிய விக்டர் கொரயா அவ்வூரவர். ஆங்கிலேயர் காலத்தில், வயதுவந்த ஆண்கள் ஆண்டுதோறும் வீதிகளுக்காகத் தலைவரி செலுத்தவேண்டும். அன்றேல் வீதிவேலை செய்யவேண்டும் என்று விதி இருந்தது. வரித்தொகை இரண்டு ரூபாய். செல்வர்க்கும் இரண்டு ரூபாய். கூலியாளுக்கும் இரண்டு ரூபாய். 1922 அளவில் இவ்வரிக்கு எதிராக ஏ. ஈ. குணசிங்க முதலியோரோடு கிளர்ச்சி செய்த விக்டர் கொரயா வரியைக் கட்ட மறுத்தார், அதற்காகச் சிறைசென்றார். இரண்டு ரூபாய் அவரிடம் இல்லாமற் போகவில்லை. பின்னர் அவ்வரியே நீக்கப்பட்டது. சட்டத்தின் கண்ணுக்கு அன்று அவர் குற்றவாளி. ஊராரின் கண்ணுக்கு அவர் தலைவர். அவர் செய்தது ஒரே செயல்தான்.

அண்மைக்காலத்திலும் இத்தகைய மாற்றங்களைக் காண்கின்றோம். தன்னுயிரைப் போக்கிக்கொள்ள முயல்வது இலங்கையிலே 1998 ஆம் ஆண்டுவரை தண்டிக்கத்தக்க குற்றமாக இருந்தது. துயரத்தின் எல்லைக்குச் சென்று பிழைத்துவந்த ஒருவர், மருத்துவமனைக் கட்டிலிலிருந்து நீதிமன்றத்துக்குப் போகவேண்டிய நிலை அன்றிருந்தது. அவ்வாண்டிலே அவ்விதி நீக்கப்பட்டது. எட்டு வயதுப் பிள்ளையையும் குற்றப்பொறுப்புடையதாகக் கருதிய விதி 2018 ஆம் ஆண்டிலே திருத்தப்பட்டு, அவ்வயதெல்லை 12 ஆக உயர்த்தப்பட்டது. ஆகவே, ‘குற்றவாளி’ என்ற சொல்லைக் கேட்குந்தோறும், ‘எந்தச் சட்டத்தின்படி? எந்தக் காலத்தில்?’ என்று உடன் கேட்பது மாணவர்க்கு முதலாவது பயிற்சி.

இரண்டாவது வினா: எத்தனை?

பிரான்சு நாட்டு அரசாங்கம் 1827 இலே தன் நாட்டின் குற்றக் கணக்குகளை அச்சிட்டு வெளியிடத் தொடங்கியது. பெல்ஜியத்து வானியலறிஞராகிய அடோல்ப் கெற்லே என்பவர் அக்கணக்குகளை ஆராய்ந்து வியப்படைந்தார். தனிமனிதர் எவரும் அடுத்த ஆண்டில் என்ன செய்வார் என்று சொல்ல இயலாது. ஆயினும் நாடு முழுவதையும் சேர்த்து நோக்கினால், குற்றங்களின் தொகை ஆண்டுக்காண்டு பெரிதும் மாறாது நிற்பதை அவர் கண்டார். கோள்களின் இயக்கத்தைக் கணித்தவர் மனிதரின் செயல்களிலும் ஓர் ஒழுங்கைக் கண்டு, அதற்குக் காரணம் சமுதாயத்தின் அமைப்பிலே இருத்தல் வேண்டும் என்று கருதினார். 1835 இலே வெளிவந்த அவருடைய நூல் இத்துறையின் அடிக்கற்களுள் ஒன்று.

ஆனால், அக்கணக்கிலே ஒரு குறை உண்டு என்பதையும் கெற்லே உணர்ந்திருந்தார். நாம் எண்ணுவது நிகழ்ந்த குற்றங்களை அல்ல, தெரியவந்த குற்றங்களையே. தெரியவராதவற்றைக் குற்றவியலார் ‘இருள் எண்’ என்பர். முன்னேசுவரத்துச் சந்நிதியிலே முறையிடப்பட்டு, பொலிஸ் புத்தகத்திலே ஏறாத களவும் அவ்விருளைச் சேர்ந்ததே.

இதிலிருந்து ஓர் எச்சரிக்கை பிறக்கின்றது. ஒரு பகுதியிலே முறைப்பாடுகள் இவ்வாண்டு இருமடங்காகிவிட்டன என்று பத்திரிகையிற் படிக்கின்றோம். உடனே, ‘அங்கே அக்கிரமம் மலிந்துவிட்டது’ என்போம். உண்மையில், அங்கே புதிதாகப் பொலிஸ் நிலையம் ஒன்று திறக்கப்பட்டிருக்கலாம். தமிழிலே சொல்வதைத் தமிழிலேயே எழுதிக்கொள்ளத்தக்க உத்தியோகத்தர் ஒருவர் அங்கு வந்திருக்கலாம். மக்களுக்கு நம்பிக்கை பிறந்திருக்கலாம். 2005 ஆம் ஆண்டிலே வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதற்கு முன்னும் வீடுகளுக்குள்ளே அடியுதை நடந்தது. ‘குடும்ப விஷயம்’ என்று நான்கு சுவர்களுக்குள் அடங்கிக் கிடந்தது. அத்தகைய துன்பத்தைப் பற்றிய முறைப்பாடுகள் கூடுமானால், துன்பம் கூடியது என்பதற்கு மாத்திரமன்று, துன்பப்பட்டவர் வாய்திறக்கத் தொடங்கினார் என்பதற்கும் அஃது அடையாளமாகலாம். எண்ணைக் காட்டினால் மாத்திரம் போதாது. அந்த எண் எந்த வழியாக வந்து சேர்ந்தது என்பதையும் சொல்லவேண்டும். எல்லாக் குற்றங்களிலும் கொலைக் கணக்கே ஓரளவு நம்பத்தக்கது என்பர். இறந்த உடலை மறைப்பது எளிதன்று.

மூன்றாவது வினா: குற்றஞ் செய்பவர் யார்?

‘அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதே!’ என்று சொல்லாத ஊரில்லை. இந்த ஊர்ப்பேச்சை அறிவியலாக்க முயன்றவர் இத்தாலிய மருத்துவரான செசாரே லொம்புரோசோ. 1876 இலே வெளியிட்ட நூலில், குற்றஞ் செய்பவர் பலர் பிறப்பிலேயே அவ்வாறு அமைந்தவர். தாடையினாலும் செவியினாலும் மண்டையோட்டின் வடிவினாலும் அவர்களை இனங்காணலாம் என்று அவர் எழுதினார். கைதிகளை அளந்து அளந்து எழுதினார். ஆனால், வெளியே இருப்போரை அதே கவனத்தோடு அளந்து ஒப்பிடவில்லை. ஆங்கிலச் சிறைச்சாலை மருத்துவர் சார்ள்ஸ் கோரிங் அந்த ஒப்பீட்டைச் செய்தார். ஏறக்குறைய 3,000 கைதிகளின் அளவுகளை மாணவர், போர்வீரர் முதலியோரின் அளவுகளோடு வைத்துப் பார்த்து, குற்றவாளிக்கெனத் தனியான உடலமைப்பு ஒன்றில்லை என்று 1913 இலே வெளியிட்டார். ஒப்பிடாமல் முடிவு கட்டக்கூடாது என்னும் விதியை மாணவர் இங்கேதான் கற்றுக்கொள்கின்றார்.

நம்முடைய சிலப்பதிகாரத்தைக் கற்றோருக்கு இது புதிய செய்தியன்று. காவலர் கோவலனைக் கண்டதும், அவன் தோற்றம் கொலைக்குரிய கள்வனின் தோற்றமன்று என்று தயங்குகின்றனர். பொற்கொல்லனோ, கள்வர் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டினையும் துணையாகக் கொண்டு தொழில் செய்வர் என்று விரிவாக எடுத்துரைத்து, அத்தயக்கத்தைப் போக்கிவிடுகின்றான். ஒருசாரார் தோற்றத்தைக் கொண்டு பேசினர். மற்றவன் கள்வர் என்னும் வகையைக் கொண்டு பேசினான். சிலம்பை உடைத்துப் பரலைப் பார்க்க எவரும் எண்ணவில்லை. அதனைப் பின்னர்க் கண்ணகி செய்தாள். உள்ளே இருந்தவை முத்தல்ல, மாணிக்கம். அதற்குள் உயிர் போய்விட்டது.

இது காப்பியத்தோடு முடிந்த கதையுமன்று. இந்தியாவிலே 1871 இல் ஆங்கில அரசாங்கம் குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற ஒன்றை இயற்றியது. சில குலங்களிற் பிறந்தோர் பிறப்பினாலேயே குற்றவாளிகள் என்பது அதன் அடிப்படை. 1911 ஆம் ஆண்டின் திருத்தத்தின் பின் அது சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. மதுரைப் பகுதியிலே பிரமலைக் கள்ளர் சமூகத்தினர் கைரேகை பதியவேண்டியவராயினர். எக்களவும் செய்யாதவரும் இரவிலே காவலர் கண்முன் சென்று படுத்துறங்க வேண்டியவராயினர். 1920 ஏப்ரலிலே பெருங்காமநல்லூரில் அப்பதிவை எதிர்த்த மக்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் செய்யப்பட்டுப் பலர் மாண்டனர். சென்னை மாகாணத்திலே 1947 இலும், இந்தியா முழுவதிலும் 1952 இலும் அச்சட்டம் அகற்றப்பட்டது. முகத்தைக் கொண்டு தீர்ப்பளிப்பது ஒரு தவறு. குலத்தைக் கொண்டு தீர்ப்பளிப்பது அதே தவற்றின் விரிவு. தவறான குற்றவியல் ஏட்டோடு நிற்பதில்லை. அது சட்டமாகிவிட்டால் உயிரையும் வாங்கும்.

நான்காவது வினா: ஏன்?

பிரெஞ்சுச் சமூகவியலறிஞர் எமில் துர்க்கைம் 1895 இல் எழுதிய நூலிலே, குற்றமே இல்லாத சமுதாயம் எங்குமில்லை. ஆகவே குற்றத்தை நோயாக மாத்திரம் கருதாது சமுதாய வாழ்வின் ஒரு பகுதியாக ஆராய்தல் வேண்டும் என்றார். அமெரிக்காவிலே சிக்காகோ நகரை ஆராய்ந்த கிளிபர்ட் ஷா, ஹென்றி மக்கே என்னும் இருவர், நகரின் நடுவண் வறிய பகுதிகளிலே இளைஞர் குற்றம் பல ஆண்டுகளாக மிகுந்து நிற்பதைக் கண்டனர். அப்பகுதிகளிலே குடியிருந்தோர் காலத்துக்குக் காலம் மாறினர்; ஒரு நாட்டிலிருந்து வந்தவர் போக, வேறு நாட்டவர் வந்தனர். ஆயினும், அங்கே குற்றத்தின் அளவு குறையவில்லை. வெளியேறி நல்ல பகுதிகளிற் குடியேறியோரிடத்திலோ குறைந்தது. அப்படியாயின், காரணம் இனமா, இடமா? 1942 இலே வெளிவந்த அவர்களுடைய நூல் இடத்தையே சுட்டியது. ‘இன்ன சாதியார் இப்படித்தான், இன்ன மதத்தார் அப்படித்தான்’ என்று சந்தையிலே பேசப்படும் பேச்சுக்கு இதைவிட வலிய மறுப்பைக் காண்டல் அரிது.

வறுமைதான் காரணமோ என்று கேட்பவருக்கு எட்வின் சதர்லாந்து விடை கூறினார். அமெரிக்காவின் 70 பெரிய கம்பனிகள் சட்டத்தை மீறிய வரலாற்றை ஆராய்ந்து, மதிப்பும் செல்வமும் உடையோரும் தம் தொழிலை நடத்தும்போதே குற்றஞ் செய்கின்றனர் என்று 1949 இலே நிறுவினார். ‘வெள்ளைக் கழுத்துப்பட்டிக் குற்றம்’ என்று அவர் அதனை அழைத்தார். வழக்குக்கு அஞ்சிய பதிப்பாளர் கம்பனிகளின் பெயர்களை நீக்கச் செய்தனர். பெயர்களோடு கூடிய முழுநூல் 1983 இலேதான் வெளிவந்தது. தேங்காய்க் கள்வனின் பெயர் மறுநாளே ஊரெங்கும் தெரிந்துவிடுகின்றது. கணக்கேட்டிலே திருடியவர் பெயரோ 34 ஆண்டுகள் மறைந்திருந்தது.

இனி, நம் நாட்டுக்கே வருவோம். இலங்கையின் கொலை, தற்கொலை, பொருட்குற்றம் ஆகியவற்றை ஆராய்ந்து ஆதர் லூயிஸ் வுட் என்னும் அமெரிக்க அறிஞர் 1961 இல் ஒரு நூல் வெளியிட்டார். மாறிவரும் சமுதாயத்திலே மனிதருடைய சினம் எவ்வழிகளிற் செல்கின்றது என்பதே அவர் வினா. இந்நாட்டுக் கொலைகளைப் பற்றி ஆராய்ந்தோர் கவனித்த ஒன்றுண்டு: அவற்றுட் பல முன்கூட்டியே திட்டமிடப்பட்டவை அல்ல. எல்லைவேலித் தகராறு, கள்ளருந்திய வேளையிலே தடித்த வாய்ச்சண்டை, பலர் முன்னிலையிலே நேர்ந்த அவமானம் ஆகியவற்றின் முடிவிலே, கைக்கெட்டிய கத்தியால் நிகழ்ந்தவை பல. நம் தண்டனைச் சட்டக்கோவையும் இந்த வேறுபாட்டை அறியும். பாரதூரமான, திடீரென்ற ஆத்திரமூட்டலினால் நிகழ்ந்த உயிர்ப்பறிப்பையும், எண்ணாது எழுந்த கைகலப்பிலே நிகழ்ந்ததையும் அதன் 294 ஆம் பிரிவு கொலைக்குற்றத்திலிருந்து பிரித்து வைக்கின்றது.

மனத்திலே கறுவி, நாட்பட வைத்திருந்து, திட்டமிட்டுச் செய்யும் கொலை ஏன் குறைவு? நம்மவர்க்கு நீண்ட பகையே இல்லையா? மானிடவியலறிஞர் கணநாத் ஒபேசேகர 1975 இலே வெளியிட்ட கட்டுரையொன்றிலே இவ்வினாவை எழுப்பினார். விடை தேடி அவர் சென்றது சிறைச்சாலைக்கன்று. மக்கள் பகைவர்மீது சாபமிடச் செல்லும் மூன்று வழிபாட்டிடங்களுக்கே சென்றார். தெற்கே கடலோரத்துச் சீனிகம ஒன்று. கம்பளைப் பகுதியிலே முஸ்லிம் பெரியார் ஒருவரின் அடக்கத்தலம் ஒன்று. மூன்றாவது, சிலாபத்துக்கு அண்மையிலுள்ள முன்னேசுவரத்துக் காளி சந்நிதி. அங்கே வந்தவர்களோடு உரையாடி, எதற்காக வந்தனர் என்று அறிந்தார். களவு கொடுத்தவர், காணியை இழந்தவர், நம்பிக்கைத் துரோகத்துக்கு ஆளானவர் முதலிய பலர் அவர்களுள் இருந்தனர். அவர்கள் திடீர்ச் சினத்தினால் வந்தவர்களல்லர். நாளைக் குறித்து, காசைச் சேர்த்து, பயணஞ் செய்து, பகைவனுக்குத் தீங்கு நேரவேண்டும் என்று எண்ணியே வந்தவர்கள். எண்ணமும் திட்டமும் இருந்தன. கத்தி மாத்திரம் இல்லை. வேறு நாடுகளில் திட்டமிட்ட கொலையாகக்கூடிய பகையுணர்ச்சியில் ஒரு பகுதி, இங்கே வாய்க்கால் வெட்டித் திருப்பிய வெள்ளம்போல வழிபாட்டின் பக்கம் திரும்பிவிடுகின்றதோ என்பதே ஒபேசேகரவின் கருத்து.

இதனைப் படிக்கும் மாணவர் வியந்துவிட்டு நின்றுவிடலாகாது. கோரிங்கிடம் கற்ற விதியை இங்கும் கையாளவேண்டும். சந்நிதிக்கு வந்தவர்களை அறிந்தோம், வராதவர்களை அறிந்தோமா? சாபமிட்டவர் அங்கே வராதிருந்தால் கத்தி எடுத்திருப்பாரா, அல்லது பேசாது வீட்டில் இருந்திருப்பாரா? முறையிட்டதனால் அவர் நெஞ்சு ஆறியதா, அன்றிப் பகை இன்னும் கனன்றதா? ‘என்மேல் சாபமிட்டான்’ என்று கேள்வியுற்ற மற்றவன் என்ன செய்தான்? இவ்வினாக்களுக்கு முற்றான விடை கிடைத்துவிட்டது என்று எவரும் சொல்வதற்கில்லை. ஆயினும், மனக்குறை எங்கே போய்ச் சேர்கின்றது என்று பார்க்கவேண்டும் என்பதை அந்த ஆராய்ச்சி நமக்குக் கற்பித்துவிட்டது. சந்நிதிக்குச் செல்பவரை மூடநம்பிக்கையாளர் என்று இகழ்வதும், கொடிய மனத்தினர் என்று ஏசுவதும் எளிது. வேறெங்கே போய் முறையிட்டும் பயன் காணாதவர் அவர்களுள் எத்தனை பேர் என்று கேட்பதே ஆராய்ச்சி.

அரசாங்கமும் இவ்வுண்மையை அறியாமலில்லை. சிறு வழக்குகள் முதிர்ந்து பகையாகுமுன் ஊரிலேயே தீர்க்கும்பொருட்டு 1958 ஆம் ஆண்டின் சட்டத்தால் இணக்க சபைகள் அமைக்கப்பட்டன. அவை மறைந்தபின், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் மத்தியஸ்த சபைகள் தோன்றின. வேலி, கடன், வசைமொழி, சிறு காயம் ஆகியவற்றை இருதரப்பாரையும் இருத்திப் பேசித் தீர்க்க முயல்வது இவற்றின் பணி. நாளைய கொலையொன்று இன்றைய வேலித் தகராறாக அங்கே வந்து அமர்ந்திருக்கக் கூடும்.

ஐந்தாவது வினா: என்ன செய்யவேண்டும்?

மிலான் நகரத்துச் செசாரே பெக்காரியா 1764 இல் ஒரு சிறுநூல் எழுதினார். சித்திரவதையையும் மரணதண்டனையையும் எதிர்த்த அந்நூல், தண்டனையின் கொடுமையைவிட, அது தவறாது வரும் என்ற உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்று வாதித்தது. இருநூறாண்டுகளின் பின் இவ்வாதம் இலங்கையிலே நேரிற் சோதனைக்கு வந்தது. 1956 இல் ஆட்சிக்கு வந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசாங்கம் தூக்குத்தண்டனையை நிறைவேற்றாது நிறுத்தியது. 1958 இலே அதற்குச் சட்டமும் இயற்றியது. அதன் விளைவை ஆராயும்பொருட்டு நோர்வல் மொரிஸ் என்னும் குற்றவியலறிஞரைத் தலைவராகக் கொண்டு ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. நிறுத்தியதனாலே கொலைகள் பெருகின என்று கொள்ள ஆதாரமில்லை என்பதே 1959 இலே வெளிவந்த அவ்வறிக்கையின் போக்கு.

அவ்வாண்டு செப்டெம்பர் 25 ஆந் திகதி பிரதமர் பண்டாரநாயக்கா சுடப்பட்டு மறுநாள் உயிர்நீத்தார். நாடு துயரிலும் சினத்திலும் ஆழ்ந்தது. சில வாரங்களுக்குள் தூக்குத்தண்டனை மீண்டுங் கொண்டுவரப்பட்டது. முன்னமே நிகழ்ந்துவிட்ட அக்கொலைக்கும் பொருந்தும்படி சட்டம் எழுதப்பட்டது. சுட்டவர் 1962 இல் தூக்கிலிடப்பட்டார். சதிக்குற்றத்துக்காக மரணதண்டனை பெற்ற மற்றிருவரின் தண்டனையை மேன்முறையீட்டு நீதிமன்றம் ஆயுட்சிறையாக மாற்றியது; அவசரத்தில் எழுதப்பட்ட பின்னோக்கு விதி கொலையைச் சுட்டியதேயன்றிச் சதியைச் சுட்டவில்லை. இலங்கையிலே கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1976 ஜூனில். அதன்பின் நீதிமன்றங்கள் மரணதண்டனை விதித்துவந்தபோதிலும் அது நிறைவேற்றப்படவில்லை. கொடிய கொலையொன்று நிகழுந்தோறும், ‘தூக்குமரத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள்’ என்ற குரல் எழுகின்றது. அக்குரலிலே உள்ள துயரம் உண்மையானது. ஆனால், மாதக்கணக்காகத் திரட்டிய ஆதாரத்தைச் சில வாரச் சினம் தள்ளிவைத்ததை மாணவர் மறக்கலாகாது.

தண்டனையின்றியே தீங்கைக் குறைக்கமுடியுமா என்பதற்கு நம் நாடே உலகுக்கு ஓர் எடுத்துக்காட்டைத் தந்துள்ளது. 1995 அளவில் இலங்கையிலே இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலையால் மாண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் அஃது ஒன்று. அக்காலத்திலே, மிகுந்த நச்சுத்தன்மை வாய்ந்த பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. 2005 ஆம் ஆண்டளவில் அவ்விகிதம் பாதியாகிவிட்டது. தண்டனை விதி நீக்கப்பட்டது; நஞ்சு எட்டாதவாறு செய்யப்பட்டது; ஆயிரமாயிரம் உயிர்கள் தப்பின. மனிதருடைய சினமும் துயரமும் பெரும்பாலும் சில நாழிகையில் தணிபவை. அந்த நாழிகையிலே கைக்கெட்டுவது எது என்பதைப் பொறுத்தே பல வீடுகளின் விதி அமைகின்றது. இதனை அறிந்தவர், குற்றத் தடுப்பைப் பற்றிப் பேசும்போது சிறைக்கதவோடு நின்றுவிடமாட்டார்.

சிலாபத்திலோ உடப்பிலோ புத்தளத்திலோ இருந்து ஒரு பிள்ளை இப்பாடத்தைக் கற்கப் போகிறேன் என்று சொன்னால், ‘பொலிசிலே சேரப் போகிறாயா?’ என்று பெற்றோர் கேட்பர். சேரலாம், சிறைச்சாலைத் திணைக்களத்திலும், நன்னடத்தை அலுவலகத்திலும், சமுதாயஞ்சார் சீர்திருத்தப் பணியிலும், ஆசிரியத் தொழிலிலும், பத்திரிகைத் தொழிலிலும் சேரலாம். எங்கே சேர்ந்தாலும் அப்பிள்ளை கற்றுவரவேண்டியது ஒன்றே. ஒரு குற்றச் செய்தி காதில் விழுந்ததும், ‘இவனை என்ன செய்யலாம்?’ என்று நாவெழுமுன், ‘இது எதனாற் குற்றமாயிற்று? இத்தகையது எத்தனை நிகழ்கின்றது? எண்ணப்படாதவை எத்தனை? எதனோடு ஒப்பிட்டுச் சொல்கின்றோம்? முன்னரே எங்கே தடுத்திருக்கலாம்?’ என்று கேட்கும் பொறுமை வேண்டும். அக்கேள்விகள் குற்றவாளிக்குச் சலுகை கேட்பவை அல்ல. குற்றமற்றவனைக் காக்கவும், அடுத்த குற்றத்தால் துன்பப்படப் போகும் ஒருவரைக் காக்கவுமே அவை கேட்கப்படுகின்றன. நீதிபதிக்கும் பொலிசாருக்கும் மாத்திரமன்றி, தேநீர்க்கடையிலே பத்திரிகையைப் பிரித்து வைத்துத் தீர்ப்புச் சொல்லும் நம் எல்லோருக்கும் அப்பொறுமை வேண்டியதே.